ஷபியுல்லா பாயும் தாமல் பள்ளியின் பன்னிரண்டு கம்ப்யூட்டர்களும்

ஒலிமுகமதுபேட்டையில் ஷபியுல்லாவுக்கு ஒரு சின்னக் கடை. செத்துப்போன கம்ப்யூட்டரைப் பிரித்துப் போட்டு உயிர் கொடுப்பதுதான் தொழில். முதலில் ரேடியோ, அப்புறம் டி.வி., இப்போது இது. படிப்பு ஏழாவதோடு சரி. வயது நாற்பத்தெட்டு. கடையில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முகம் கடுகடுவென்றுதான் இருக்கும்.

அந்த மனிதரைப் பிடித்து ஆட்டுகிற பேய் ஒன்று உண்டு. லினக்ஸ் என்று பெயர். விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரை ஓட்டுகிற மென்பொருள். யாரும் காசு கொடுக்காமல் போட்டுக்கொள்ளலாம், பத்துப் பேருக்குப் பிரதி எடுத்துக் கொடுக்கலாம், திருட்டு என்று ஒருத்தனும் கையைப் பிடிக்க முடியாது. பத்து வருஷத்துக்கு முன்னால் ரிப்பேருக்கு வந்த ஒரு மெஷினில்தான் அதை முதலில் பார்த்தார். திரை முழுக்கத் தமிழ். ‘கோப்பு’, ‘திற’, ‘சேமி’. அதுவரைக்கும் ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டி, எந்த மூலையில் எந்தப் படம் என்று மனப்பாடம் பண்ணித்தான் பிழைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் மெஷின் கேட்ட கேள்வியைப் படித்து, புரிந்து, பதில் சொன்னார். ஏழாவது படித்தவனுக்கே புரிகிறது என்றால் ஏழாவது படிக்கிற பிள்ளைக்குப் புரியாதா என்று தோன்றியது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அன்றிலிருந்து பணமில்லாத பள்ளிக்கூடமாகப் பார்த்துப் படியேறினார். ஒரு பள்ளியில் டீ கொடுத்து அனுப்பினார்கள். இன்னொன்றில், “அதெல்லாம் வேணாம் பாய், திருட்டு விண்டோஸ் இருந்தா போட்டுக் குடுங்க” என்றார்கள். காசு போட்டு வாங்க வேண்டியதைத் திருடி வைத்துக்கொண்டால் கௌரவம், சும்மா கொடுப்பதை வாங்கினால் கேவலம். அவருக்கு வயிறு எரியும். மனைவி மெஹதாப் ஒரே வரியில் முடித்துவிடுவாள்: “கடைய மூடிட்டு ஊருக்கெல்லாம் ஓதப் போறீங்க, ஒருத்தராவது கேட்டாங்களா?”

கேட்பது போலத் தெரிந்தது தாமல் பள்ளி ஒன்றுதான். ஏரிப் பக்கம் இருக்கிற சின்னப் பள்ளி. ஏதோ ஒரு கம்பெனி எப்போதோ தானமாகக் கொடுத்த பன்னிரண்டு கம்ப்யூட்டர் அங்கே தூசி மூடிக் கிடந்தது. எல்லாம் பழசு, புது விண்டோஸைத் தாங்காது. தாளாளர் தினகரன் அவற்றைக் காயலாங்கடைக்குத் தள்ளிவிட்டு அறையைக் காலி செய்யப் பார்த்தார். தலைமை ஆசிரியை எஸ்தருக்கு மனசில்லை. ஷபியுல்லாவைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

தினகரன் விவசாயக் குடும்பம். இப்போது கட்சியில் இருக்கிறார். கையில் இரண்டு போன்.

“சும்மா போட்டுத் தர்றேன்றீங்க. உங்களுக்கு இன்னா லாபம் பாய்?”

“ஒண்ணும் இல்ல சார்.”

“அதான் இடிக்குது. கோயில் வாசல்ல ஓசியில வழி காட்டுறான் பாருங்க, அவனும் ஒண்ணும் வேணாம்னுதான் சொல்லுவான். கடைசில பட்டுக் கடை வாசல்ல கொண்டுபோய் விடுவான். கமிஷன் பின்னாடி வரும். உங்க கடை எங்க இருக்குது?”

ஷபியுல்லாவுக்குச் சுருக்கென்றது. இந்த ஊரில் சும்மா சிரிக்கிறவனைக்கூட புரோக்கர் என்று நினைக்கிறார்கள் என்றால் தப்பு அவர்கள் மேல் மட்டுமா? “எனக்குக் கடையே இல்லன்னு வச்சிக்குங்க சார். ஒரு தடவை வந்து பாருங்க” என்றார்.

மூன்று வாரம் தயார் செய்தார். பன்னிரண்டையும் கழுவித் துடைத்து, கெட்டதை மாற்றி, லினக்ஸ் போட்டார். முக்கோணத்தை இழுத்தால் கோணம் மாறுவதைக் காட்டும் கணக்குப் பாடம், உலக வரைபடம், தட்டச்சு விளையாட்டு, எல்லாம் தமிழில். செவ்வாய்க்கிழமை தினகரன் வந்து உட்கார்ந்தார். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் முக்கோணத்தை இழுத்து ஓவென்று கத்தின. தினகரனே ஒரு தரம் இழுத்துப் பார்த்துச் சிரித்தார்.

அப்போதுதான் ஆபீஸ் கிளார்க் நீலாம்பாள் ஒரு பென் டிரைவோடு வந்தாள். தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணினவள். பத்து வருஷத்துக் கேள்வித்தாள் முழுக்க அதில்தான் இருந்தது.

“அரையாண்டு வருது. இதுல தொறந்து காட்டுங்க பாய்.”

திறந்தார். தமிழைக் காணோம். ஆங்கில எழுத்தும் கமாவும் அரைப்புள்ளியும் கொட்டிக் கிடந்தன.

“அய்யய்யோ, வைரஸு!” என்றாள் நீலாம்பாள்.

“வைரஸ் இல்லக்கா. இந்த மெஷின்ல இல்லாத பழைய எழுத்துல அடிச்சிருக்கீங்க.”

“நான் அடிச்சது பழசா? அப்ப நானும் பழசா?”

அறை முழுக்கச் சிரிப்பு. அந்த மெஷினில் அவள் கை வைத்தாள். எந்த விசையைத் தட்டினாலும் வேறே எழுத்து வந்தது. முப்பது வருஷம் பழகின விரல். தினகரன் எழுந்துவிட்டார். “ஓசின்னா இப்படித்தான். சனிக்கிழமை வரைக்கும் டைம். அப்புறம் வண்டி வரச் சொல்லிடுவேன்.”

ஷபியுல்லா தலையில் அடித்துக்கொண்டார். பிள்ளைகளுக்கு என்ன வேண்டும் என்று மூன்று வாரம் யோசித்தவர், ஆபீஸில் இருக்கிற அம்மாள் தினம் என்ன செய்கிறாள் என்று ஒரு தரம் கேட்கவில்லை. அந்தப் பழைய எழுத்துருவைப் பெயர்த்துக் கொண்டுவந்து போட்டுவிடலாம், ஐந்து நிமிஷ வேலை. ஆனால் அது காசு கொடுத்து வாங்குகிற மென்பொருளோடு வந்தது. அதை எடுத்துப் போட்டால், வேண்டாம் என்று ஊர் ஊராகச் சொன்ன திருட்டை அவரே செய்ததாகும்.

புதன், வியாழன், வெள்ளி, மூன்று பகலும் கடையைப் பூட்டிவிட்டு தாமலுக்கு ஓடினார். ஒவ்வொரு கேள்வித்தாளையும் எந்த மெஷினிலும் தெரிகிற புது எழுத்துக்கு மாற்றினார். மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறிக்கொண்டன. வரிவரியாக நீலாம்பாள் படிக்க, அவர் திருத்தினார். விசை வரிசையையும் பழைய டைப்ரைட்டர் மாதிரியே அமைத்தார்.

“இது அங்கதான இருக்கணும்? ஆங்! இப்ப வருது பாய், வருது!” நீலாம்பாளின் விரல் ஓடியது. “இத மொதல்லியே செஞ்சிருந்தா நான் ஏன் கத்தப் போறேன்?”

“மொதல்லியே சொல்லியிருந்தா நான் ஏன் மூணு நாள் சோறு துண்ணாம கெடக்கப் போறேன்?”

சனிக்கிழமை தினகரன் வந்தார். அச்சடித்த கேள்வித்தாளை நீலாம்பாள் நீட்டினாள். அவர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். “பரவால்லியே! ஜெயிச்சிட்டீங்க பாய்.”

ஷபியுல்லா முதல்முறையாகச் சிரித்தார். சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த பேச்சு வந்தது.

“அப்ப ஆபீஸுக்கு ஒண்ணு வச்சிக்குவோம். மீதி பதினொண்ணும் ரூமை அடைச்சிக்கினு இருக்குது. யூனிபாரம் மூட்டை வேற வருது. திங்கக்கிழமை வண்டி வரும்.”

“சார், நான் கேள்வித்தாளுக்கா வந்தேன்? பசங்களுக்கு சார்! அன்னிக்கு நீங்களே இழுத்துப் பாத்தீங்களே!”

“பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு. பரீட்சையில முக்கோணத்தை இழுக்கவா சொல்றாங்க?”

வாயில் வந்ததைச் சொன்னால் கதவு மூடிவிடும் என்று ஷபியுல்லாவுக்குத் தெரியும். உடைந்ததைச் சரிசெய்து சரிசெய்து, எதைக் காட்ட வந்தாரோ அது யார் கண்ணுக்கும் தெரியாமல் போய்விட்டது. வந்த வேலை முடிந்தது என்று அவர்களே முடிவு கட்டிவிட்டார்கள்.

வாசலில் நின்ற எஸ்தர் மெதுவாகச் சொன்னாள். “சார், மூணு மட்டும் விட்டுடுங்க. ஆறாம் கிளாஸ்லயே பின்னாடி போட்டுக்கறேன். ரூம் உங்களுக்கு.”

தினகரனுக்குப் போன் அடித்தது. “மூணு. ரிப்பேருன்னு எங்கிட்ட வரக் கூடாது” என்று சொல்லிவிட்டு, காதில் போனை வைத்தபடி ஜீப்பில் ஏறினார்.

பன்னிரண்டில் மூன்று. ஷபியுல்லா நல்லதாகப் பார்த்து மூன்றைத் தூக்கி ஆறாம் வகுப்புக்குக் கொண்டுபோய்ப் பின்பெஞ்சில் வைத்தார். ஒயரைக் கையில் எடுத்துக்கொண்டு சுவரைச் சுற்றிப் பார்த்தார். நாலு சுவரையும் பார்த்தார்.

“டீச்சர், பிளக் பாயிண்ட் எங்க?”

எஸ்தர் கையை வாயில் வைத்தாள். “இந்த ரூம்ல கிடையாது பாய். லைட்டு மட்டும்தான். அவர் சரின்னு சொல்லணுமேன்னு பதட்டத்துல சொல்லிட்டேன்.”

“இன்னா டீச்சர் நீங்க!”

திங்கட்கிழமை வண்டி வரும்போது இந்த மூன்றும் ஓடிக்கொண்டிருக்காவிட்டால் இவையும் ஏறிவிடும். வாய்க்குள் உருதுவில் ஏதோ திட்டிக்கொண்டே வெளியே வந்தார். ஆபீஸிலிருந்து கரண்ட் இழுக்க எவ்வளவு ஒயர் வேண்டும் என்று, ஆபீஸ் சுவரிலிருந்து வகுப்பு வாசல் வரைக்கும் அடி மேல் அடி வைத்து எண்ணத் தொடங்கினார்.

“அக்கா,” என்று பாதியில் நின்று ஆபீஸைப் பார்த்துக் கத்தினார், “உங்க தெருவுல யாருகிட்டனா டிரில்லிங் மெஷின் இருக்குதா?”

“எங்க வீட்டுக்காரர்கிட்டயே இருக்குது,” உள்ளேயிருந்து நீலாம்பாள் சொன்னாள். தட்டச்சுச் சத்தம் நிற்கவில்லை. “ஆனா அவர் யாருக்கும் தர மாட்டார் பாய்.”

“தர வேணாம். அவரையே மெஷினோட வரச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு, எண்ணிக்கை மறந்துபோனதால் திரும்பவும் ஆபீஸ் சுவரிலிருந்தே ஆரம்பித்தார்.