உச்சியை நறுக்குகிறவர்

அயர்ன் பாக்ஸ் சூடேறும்போது ஓடுகிற சலவை இயந்திரத்தை நிறுத்திவிடும் பெண்ணை நீங்கள் பார்த்ததுண்டா? "ரெண்டும் ஒண்ணா எகிறக் கூடாதுங்க. ஒண்ணு அடங்கட்டும், அப்புறம் இன்னொண்ணு" என்பார் கத்தரிக்கோல் அக்கா. அவருடைய மாமியாருக்கும் இதே சட்டம்தான். "நானும் என் மகனும் ஒரே நேரத்துல கோவப்படக் கூடாதாம். எனக்குச் சாயங்காலம் ஒதுக்கியிருக்கா!" என்று அந்த அம்மாள் என்னிடம் பொரிந்து தள்ளினார், காலை எட்டு மணிக்கே.

அக்கா வேலை பார்க்கும் கைப்பேசி நிறுவனத்தில் இது கிறுக்கு அல்ல, உத்தியோகம். கைப்பேசிக் கோபுரம் நூற்றுக்கணக்கான சிற்றலைகளைச் சேர்த்து அனுப்புகிறது. ஒன்று ஏறும்போது இன்னொன்று இறங்கும், பெரும்பாலும் சமாளித்துவிடும். எப்போதாவது எல்லாம் ஒரே கணத்தில் தலைதூக்கும். அந்த உச்சத்தைத் தாங்காமல், அலைகளைப் பெருக்கி அனுப்பும் கோபுரத்து ஆம்ப்ளிஃபயர் உளறும், சூடேறும், கடைசியில் கருகும். அந்த உச்சிகளை முன்கூட்டியே நறுக்கிவிடும் நிரல் அக்கா எழுதியது. பட்டப்பெயர் வந்த கதை இதுதான்.

மேலாளருக்கு நறுக்குவது பிடிக்காது. "நம்ம பவரை நாமே வெட்டிக்கிறதா? முழுசாப் போகட்டும்!" என்று ஒரு நாள் நிரலை அணைத்துவிட்டார். மூன்றாம் வாரம் ஆம்ப்ளிஃபயர் கருகியது. கோபுரத்தில் எது எரிந்தாலும் நிர்வாகம் மேலே பார்ப்பதில்லை. ஏறியவனின் காலைப் பிடித்து இழுக்கும். கடைசியாக ஏறியவர், கோபுரம் ஏறிப் பழுது பார்க்கும் பல்லி அண்ணன். "ஒயரைச் சரியா முறுக்கலை" என்று அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

விசாரணைக்கு யாரும் அழைக்காமலே அக்கா போனார். "சார், எல்லாரும் மைக்கை ஆன் பண்ணுங்க. மூணு எண்ணுவேன், அவங்கவங்க பேரைச் சத்தமா சொல்லுங்க." ஏதோ கருவிச் சோதனை என்று நினைத்து ஏழு அதிகாரிகளும் ஒருசேரக் கத்தினார்கள். ஒலிபெருக்கி கர்ரென்று அலறியது. ஒருவர் தேநீரை மடியில் கொட்டிக்கொண்டார். "இப்ப ஒவ்வொருத்தரா." ஏழு பெயர்களும் தெளிவாகக் கேட்டன.

"அதே வாய், அதே ஸ்பீக்கர். இதுல ஒயர் முறுக்கினவர் எங்க வந்தார்?"

"மேடம், ரொம்ப டெக்னிக்கலாப் பேசுறீங்க" என்றார் மேலாளர்.

"டெக்னிக்கலாத்தானே சார் எரிஞ்சுது?"

எல்லாரும் சிரித்தார்கள். உத்தரவு மட்டும் மாறவில்லை. பல்லி அண்ணன் ஐந்து வாரமாகத் தரையில் நிற்கிறார். "கீழ நின்னா எனக்குத் தலை சுத்துது அக்கா" என்கிறார்.

அண்ணனைத் திரும்ப வேலையில் சேர்க்கச் சொல்லி அக்கா மனு எழுதியிருக்கிறார். பதினொரு பக்கம். நிரல் எந்தத் தேதியில், யார் கையால் அணைந்தது, அன்றிலிருந்து வெப்பம் எப்படி ஏறியது, எல்லாம் வரைபடத்தோடு. எனக்கு ரத்தம் கொதித்தது. கடைசிப் பக்கத்தைப் புரட்டிக் கையெழுத்துப் போடப் போனேன். வெடுக்கென்று பிடுங்கி, முதல் பக்கத்தைத் திருப்பி என் முன் வைத்தார்.

"என்னை நம்பிப் போடாதீங்க, படிச்சுட்டுப் போடுங்க. அதிகாரிங்க படிக்காமப் போட்ட கையெழுத்துலதானே பல்லி அண்ணன் வேலை போச்சு?"

படித்தேன். போட்டேன். மனு இப்போது இந்த இதழின் அலுவலகத்தில் இருக்கிறது. வந்து பதினொரு பக்கத்தையும் படியுங்கள். பேனாவை நான் தருகிறேன்.