உப்புப் பார்க்காத தாச்சி

மல்கிரேவ் கஃபே குசினியில் சுஜீதன் வெங்காயம் வதக்கினால், டண்டினோங் மலை மரங்களில் தூங்கும் பொஸம்கள் எழுந்து உட்கார்ந்துவிடும். நான் கூட்டிச் சொல்வதாக நினைப்பவர்கள் பொஸம்களையே கேட்டுக்கொள்ளலாம்.

காலைச் சாப்பாடு முழுக்க அவன் கைதான். தலைமைச் சமையல்காரர் என்ற பெயர் மட்டும் எப்போதும் வேறு யாருக்கோ போகும். கடைசியாக இருந்தவர் விலகியதும் முதலாளி கிறேக் சொன்னார்: “இலையுதிர்காலத்துக்குப் புதிதாக ஒரு ஹாஷ் செய்து காட்டு. பிடித்திருந்தால் அந்த இடம் உனக்கு.”

அவர் குறித்த நாள், இந்த நாட்டு இலையுதிர்காலத்தில் வரும் சித்திரா பௌர்ணமி. தாயை இழந்த பிள்ளைகள் தாய்க்காக விரதமிருக்கும் நாள். சுஜீதனின் தாய் பருத்தித்துறையில் செத்தபோது இவனிடம் சரியான விசா இல்லை. போனால் திரும்ப முடியாது. கொள்ளி வைத்தது சித்தப்பா மகன். இவன் அதைப் போனில் பார்த்தான்.

இரும்புத் தாச்சியில் ஹாஷுக்கான உருளைக்கிழங்கும் பூசணியும் அடிப்பிடித்து முறுகின. உப்பிட்ட பன்றியிறைச்சியான பேக்கனைக் கொட்டி, வழக்கம்போல் ஒரு கை உப்பும் தூவினான்.

பாத்திரம் கழுவும் ரஞ்சினி எட்டிப் பார்த்தாள். “அண்ணா, உப்புப் பாத்தனீங்களோ? இது வேற கடைப் பேக்கன்.”

“இண்டைக்கு விரதம்.”

“நாக்கில வச்சிட்டுத் துப்புங்கோ. அம்மா கோவிக்க மாட்டா.”

“கொள்ளிதான் வைக்கேல்ல. விரதத்தையும் துப்பச் சொல்லுறியோ?”

“அப்ப நான் பாக்கட்டோ?”

“கஞ்சிக்கே உப்பள்ளிக் கொட்டுற ஆள் நீ. என்ர கைக்குத் தெரியும், போ.”

மேலே முட்டையை உடைத்து ஊற்றி, தாச்சியோடு கொண்டுபோய் வைத்தான். கிறேக் ஒரு வாய் தின்றார். பிறகு தண்ணீர்க் குவளை முழுவதையும் குடித்தார்.

“நீ ருசி பார்த்தாயா?”

சுஜீதன் காரணத்தைச் சொன்னான். கிறேக் அவன் தோளைத் தட்டினார். “அம்மாவுக்காக என்றால் எனக்குப் புரிகிறது. ஆனால் ருசி பார்க்காமல் வெளியே அனுப்புகிறவனிடம் குசினியை எப்படிக் கொடுப்பேன்?”

வெளியிலிருந்து ஒருவன் தலைமைச் செஃபாக வந்தான். அதே ஹாஷில் உப்பைப் பாதியாக்கி, தன் பெயரை உணவுப் பட்டியலில் போட்டுக்கொண்டான். தாச்சியைப் பிடிப்பது இன்னும் சுஜீதன்தான். யாராவது நன்றாக இருக்கிறது என்றால், “செஃபிட்ட சொல்லுறன்” என்பான்.

அடுத்த சித்திரா பௌர்ணமிக்கு அவன் முன்கூட்டியே லீவு கேட்டான்.

“நீ போய்விட்டால் ஹாஷை யார் செய்வது?” என்றான் புது செஃப்.