இஸ்திரி அக்காவின் எலுமிச்சை

அவரை இஸ்திரி அக்கா என்றால்தான் தெருவில் தெரியும். தேய்த்த துணியை வீட்டுக்குள்ளேயே கொண்டுபோய் வைப்பார் என்பதால் பாதித் தெருவின் சாவிகள் அவரிடம் இருந்தன. மாடித்தோட்டக் குழுவில் அவரைச் சேர்த்துக்கொண்டதுகூட அந்தச் சாவிக்கொத்துக்காகத்தான். கோடை வந்தால் உறுப்பினர்கள் வெளியூர் கிளம்புவார்கள். அக்கா மாடி மாடியாக ஏறி, அவர்களுடைய தொட்டிகளுக்கெல்லாம் தண்ணீர் ஊற்றுவார். அதற்குக் கூலி கேட்டதில்லை. கேட்காதவருக்குக் கொடுக்க யாருக்குத் தோன்றுகிறது?

அவருக்கென்று இருந்தது ஒரே ஒரு மரம், வீட்டு மொட்டைமாடியில் நீல டிரம்மில் ஒரு எலுமிச்சை. கணவர் விதை போட்டது. முளைத்ததைப் பார்த்தார்; காய்த்ததைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. வருடக்கணக்கில் இலையை மட்டும் காட்டிக்கொண்டிருந்த மரம் இந்தக் கோடையில்தான் முதல் தடவையாகக் காய் பிடித்திருந்தது. ஒவ்வொன்றும் கோலிக்குண்டு அளவுதான். அக்கா தினமும் இலையை விலக்கி விலக்கிப் பார்ப்பார்.

அதே கோடையில்தான் வயிற்றுக் கட்டியை உடனே எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

குழுவின் கோடைக் கூட்டம் வழக்கம்போல நூலகத்து மாடியில் நடந்தது. வெயிலில் செடிகளைக் காப்பது எப்படி என்று ஆளாளுக்குப் பேசி முடித்தபின் அக்கா எழுந்தார்.

"ஒரு மாசம் நான் இருக்க மாட்டேன். என் மரத்துக்குக் காலையில யாராவது தண்ணி ஊத்துவீங்களா? காய் பிடிச்சிருக்கு."

யோசனைகள் கொட்டின. பாட்டிலில் துளை போட்டுக் கவிழ்த்து வைக்கச் சொன்னார் மருந்துக்கடைக்காரர். வேரடியில் காய்ந்த இலையைப் பரப்பச் சொன்னார் டீச்சர். வாளியிலிருந்து ஒரு துணித்திரியை மண்ணுக்குள் விட்டால் போதும் என்றார் எலக்ட்ரீஷியன். வாய் சர்க்கரை, கை கருணைக்கிழங்கு. சொன்னதெல்லாம் சரியான யோசனைகள்தான், அதுதான் வயிற்றெரிச்சல்.

"யோசனையெல்லாம் எனக்கும் தெரியும். ஆள்தான் வேணும்," என்றார் அக்கா.

பார்க்கலாம்க்கா என்றார் ஒருவர். மற்றவர்கள் தலையாட்டினார்கள். அக்கா கொத்திலிருந்து சாவிகளைக் கழற்றி அவரவர் கையில் கொடுத்தார். வாங்கியவர்கள் யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசியில் வளையத்தில் அவர் வீட்டுச் சாவி மட்டும் மிஞ்சியது.

எலக்ட்ரீஷியனுக்கு மட்டும் மனசு உறுத்தியது. வருடா வருடம் அவர் வீட்டு ரோஜாக்கள் பிழைத்ததே அக்கா கையால்தான். மறுநாள் விடிந்ததும் போனார். அக்கா பையைக் கட்டி வைத்துவிட்டு, மகள் வண்டியோடு வருவதற்காக மொட்டைமாடிப் படியில் மரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"சாவியைக் குடுங்கக்கா. தினமும் நான் வந்து ஊத்துறேன்."

சொன்ன பிறகுதான் அக்கா பக்கத்திலிருந்த கிண்ணத்தைப் பார்த்தார். அது நிறையப் பச்சைப் பிஞ்சுகள். மரத்தில் ஒரு காய்கூட இல்லை.

"பிஞ்சு இல்லேன்னா மரம் நீங்க சொன்ன திரித் தண்ணியிலயே தாங்கும். அவர் வெச்ச மரமாச்சும் மிஞ்சட்டும்னு பறிச்சுட்டேன்," என்றார் அக்கா.

எலக்ட்ரீஷியன் கிண்ணத்திலிருந்து ஒரு பிஞ்சை எடுத்துப் பார்த்தார். "ஒரு ராத்திரி பொறுத்திருக்கக் கூடாதாக்கா?"

அக்கா சாவியை அவர் கையில் வைத்தார்.

"நேத்து எல்லாரும்தான் இருந்தீங்க, தம்பி."