வாசலில் கேட்ட கேள்வி

என் மகளுக்கு எட்டு வயது. அவள் பேச ஆரம்பித்த நாளிலிருந்து எனக்குக் காதுவலி என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பெருமையாகத்தான் சொன்னேன், ஆனால் பாதி நாள் நிஜமாகவே எரிச்சலாக வரும். வீடு ராஜபாளையத்தில். எனக்கு வேலை ஸ்ரீவில்லிபுத்தூரில், ஒரு மெடிக்கல் கடையில். அவள் பள்ளிக்கூடம் கடைக்கு இரண்டு தெரு தள்ளி. காலையில் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போவோம். மலைமேல் உட்கார்ந்திருக்கும் மேகம் தானாக எழுந்து போகுமா, யாராவது எழுப்பிவிட வேண்டுமா என்பாள். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் கண்ணில் பட்டதும், அதைக் கட்டினவர்களில் யாராவது உச்சிக்குப் போன பிறகு இறங்கப் பயந்து அழுதிருப்பார்களா என்பாள். எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் பாடல் பயிற்சியின்போது, சந்தோஷம் சந்தோஷம் என்று பாடுகிறவர்கள் ஏன் பல்வலிக்காரர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சத்தமாகக் கேட்டு என் மானத்தை வாங்கினாள். வரலாறு, பாட்டு, மரியாதை என்று நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்க நினைத்ததெல்லாம் இப்படித்தான் தலைகீழாகத் திரும்பி வரும்.

அவள் அப்பா ராணுவத்தில் இருக்கிறார். எங்கள் பக்கத்தில் அது ஒன்றும் அதிசயம் இல்லை. லீவில் வருவார், ஊரெல்லாம் சுற்றுவார், மகளுக்கு வாய் ஓயாமல் கதை சொல்லிவிட்டுத் திரும்பப் போவார். இந்த வருஷம் லீவு முடியும்போது அவருக்கு வேறு இடம் மாறியிருந்தது. எந்த இடம் என்று அவர் சொல்லவில்லை. சொல்லக் கூடியதாக இருந்தால் சொல்லியிருப்பார் என்று நானும் கேட்கவில்லை. கேட்காமலே பத்து நாள் அவருக்குச் சோறு போட்டேன். ராத்திரி முழித்துக் கிடந்தேன்.

நாங்கள் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். ராகுகாலம், பூனை குறுக்கே போவது, ஒற்றைத் தும்மல், இதெல்லாம் நாங்கள் பார்ப்பதில்லை என்று அக்கம்பக்கத்தில் கொஞ்சம் மிதப்பாகவே சொல்லிக்கொள்வோம். ஆனால் வெளியே கிளம்புகிறவரைப் பார்த்து ‘எங்கே போகிறீர்கள்’ என்று மட்டும் கேட்க மாட்டோம். அது சகுனம் இல்லையாம், மரியாதையாம். என்ன மரியாதையோ, யார் கண்டது!

அவர் கிளம்பிய அன்றைக்குச் சாயங்காலம் ஜெபம் முடிந்தது. ஆட்டோவில் பெட்டி ஏறிவிட்டது. அவர் செருப்பை மாட்டி ஒரு காலை வாசற்படிக்கு வெளியே வைத்தார்.

“அப்பா, எங்க போறீக?”

என் கை எப்படிப் போனது என்று தெரியாது. பளாரென்று அவள் கன்னத்தில் விழுந்தது. இத்தனைக்கும் அவளை அதற்குமுன் நான் கன்னத்தில் அடித்ததே இல்லை. பக்கத்துத் தெருவிலிருந்து வழியனுப்ப வந்திருந்த அவருடைய அக்கா, என் மதினி, தம்பியின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவந்து நாற்காலியில் உட்கார வைத்தார். ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்துக் குடிக்கச் சொன்னார். தடங்கல் பட்டால் செய்கிற பரிகாரம் அதுதான். கேட்டால், வெயிலுக்குத் தாகமாக இருக்கும் என்று கொடுத்தேன் என்பார். என் வீட்டுக்காரர் குடித்தார், எழுந்தார், இரண்டாம் முறையாகக் கிளம்பினார். போகும்போது மகளின் தலையைத் தடவினார். அவள் அழவில்லை. கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சென்னையிலிருந்து ஒரு போன் வந்தது, டெல்லியிலிருந்து ஒன்று. பிறகு வரவில்லை.

சிக்னல் இல்லாத இடமாக இருக்கும், முன்னேயும் இப்படி நடந்ததுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனசு கேட்டால்தானே! கடையில் மாத்திரை அட்டையை எடுக்கக் கையை நீட்டுவேன், கை போனுக்குப் போகும். சுகர் மாத்திரை கேட்டவருக்கு பிரஷர் மாத்திரையை எடுத்து வைத்தேன். நல்லவேளை, அவரே பார்த்துவிட்டு அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். நின்றால் உட்காரத் தோன்றியது, உட்கார்ந்தால் தெருவுக்கு ஓடத் தோன்றியது. போன் மணி அடிக்காமலே அடித்ததாகக் கேட்டது.

இந்தப் பரபரப்பில், மகள் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டதை நான் ஒரு வாரம் கவனிக்கவே இல்லை. சும்மா சொல்லக் கூடாது, கவனித்தபோது முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. பஸ்ஸில் மடியில் பையை வைத்து, அதன்மேல் இரண்டு கையையும் வைத்து உட்கார்ந்துவந்தாள். மதினி வந்து பார்த்துவிட்டு, இப்போதுதான் பிள்ளை பொம்பளைப் பிள்ளை மாதிரி அடக்கமாக இருக்கிறது என்று மெச்சிக்கொண்டார். கோயிலில் பாடகர் குழுவிலும் அதையே சொன்னார்கள். நானும் சிரித்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.

பிறகு பயம் வந்தது. கோபுரம் வந்தது, போனது. அவள் பார்த்தாள், வாயைத் திறக்கவில்லை. மறுநாள் நானே தூண்டில் போட்டேன். “அம்மா ஒன்னய மாதிரி சின்னப் பிள்ளையா இருந்தப்ப இந்தக் கோபுரமே கெடயாது, போன வருஷந்தான் கட்டினாக,” என்றேன். முன்னே என்றால் பொய், பொய் என்று என் மடியில் ஏறிக் குதித்திருப்பாள். இப்போது தலையை ஆட்டினாள். எங்களுக்கு முன் இருக்கையில் இருந்த ஒரு பெரியவர்தான் திரும்பினார். படித்தவர் மாதிரித் தெரிகிறீர்கள், பிள்ளைக்கு இப்படியா வரலாறு சொல்லிக் கொடுப்பது என்று பிடித்துக்கொண்டார். அரசாங்க முத்திரையிலேயே இருக்கிற கோபுரம் அல்லவா என்று அடுத்த இருக்கைக்காரரும் சேர்ந்துகொண்டார். பஸ் ஸ்டாண்ட் வரும்வரை பாதி பஸ் எனக்குப் பாடம் எடுத்தது. ஒரு பாண்டிய ராஜா வந்தார், நாயக்கர் வந்தார், நடுவில் அவர்களுக்குள்ளேயே சண்டை வந்தது. நான் யார் பேச்சையும் கேட்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு கூச்சலிலும் அந்த முகத்தில் ஓர் அசைவுகூட இல்லை.

அதற்கடுத்த வாரம் ஒரு மதியம் பள்ளிக்கூடத்திலிருந்து கடைக்குப் போன் வந்தது. அவர்தான் என்று பாய்ந்து எடுத்தேன். அவள் மிஸ் பேசினார். ஓடினேன். வகுப்பில் உட்கார்ந்த இடத்திலேயே பாவாடையை நனைத்துவிட்டாள். யாரோ கொடுத்த மாற்றுப் பாவாடையில், ஆபீஸ் ரூம் பெஞ்சு நுனியில் இருந்தாள். மிஸ் நல்ல பெண்தான், அவர் கண்ணும் கலங்கியிருந்தது. கையைத் தூக்கிக் கேட்டால் உடனே அனுப்பிவிடுவேன், இவள் கேட்கவே இல்லை, இப்போதெல்லாம் எதையுமே கேட்பதில்லை என்றார்.

கடையில் சொல்லிவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். ஈரத்துணி இருந்த பை என் காலில் இடித்துக்கொண்டே வந்தது. ஏன் தாயி மிஸ்ஸிடம் கேட்கவில்லை என்றேன். மறுபடியும் கேட்டேன்.

“நான் கேட்டா அப்பாக்கு எதாச்சும் ஆயிரும்ல,” என்றாள்.

ரோட்டோரத்தில், பழக்கடைத் தள்ளுவண்டிக்குப் பக்கத்தில், குத்தவைத்து உட்கார்ந்துவிட்டேன். இரண்டு வாரத்துக்கு மேலாக இந்தப் பாரத்தை ஒரு எட்டு வயதுப் பிள்ளை யாரிடமும் சொல்லாமல் சுமந்து திரிந்திருக்கிறது. ஏற்றிவைத்தவள் நான். பெற்ற தாய்!

அடித்தது தப்பு என்று சொன்னேன். கேள்வியால் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று சொன்னேன். அவள் கேட்டதை நானும் கேட்க நினைத்தேன், எனக்குத் தைரியம் இல்லை, அந்தப் பயத்தில்தான் கை நீண்டுவிட்டது என்று சொன்னேன். தள்ளுவண்டிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சரிம்மா என்றாள். பெரியவர்களின் வாயை அடைக்கச் சொல்கிற சரி அது.

நான் சொல்லி எடுபடவில்லை என்று மதினியிடம் கூட்டிப்போனேன். நீங்களாவது சொல்லுங்கள் என்றேன். அவர் பிள்ளையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, “அதான் அன்னைக்கே தண்ணி குடுத்து உக்கார வச்சு அனுப்பிட்டோம்ல தாயி, அதோட அது கழிஞ்சு போச்சு,” என்றார். பாசமாகத்தான் சொன்னார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அப்படியானால் கழிய வேண்டிய ஒன்று இருந்தது என்றுதானே அர்த்தம்! பிள்ளை அதையும் வாங்கி உள்ளே வைத்துக்கொண்டது.

நாலு நாள் கழித்து, சாயங்காலம் நான் தோசை சுட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அவர்தான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. நல்லாயிருக்கேன், ஒன்றுமில்லை, மலைமேல் இருக்கிறோம், லைன் எப்போது வேண்டுமானாலும் போய்விடும் என்றார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. தோசை தீய்ந்துகொண்டிருந்தது, அடுப்பை அணைக்கவும் தோன்றவில்லை. நடந்ததை நாலு வார்த்தையில் கொட்டிவிட்டு, அவளிடம் பேசுங்கள், எதையாவது கேட்க வையுங்கள் என்றேன்.

அவள் போனைக் காதில் வைத்தாள். அவர் சொன்னது எனக்கும் கேட்டது. “கேளு தாயி. எம்புட்டு வேணும்னாலும் கேளு. அப்பா எல்லாத்துக்கும் பதில் சொல்லுதேன்.”

அவள் போனை உள்ளங்கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“கேக்கட்டுமாம்மா?”

கேள் என்று தலையை ஆட்டினேன். எது ஆபத்தில்லாத கேள்வி என்று பொறுக்கி எடுக்கிறாள் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

“சாப்ட்டீகளாப்பா?”

அவர் சாப்பிட்டேன் என்றார். அவள் சரிப்பா என்று சொல்லிவிட்டு, மரியாதையாகப் போனை என்னிடம் நீட்டினாள்.