நான் பார்க்காத கடைசி ரெய்டு

ஒரே நாளில் இரண்டு மேட்ச். காலையில் கபடி, சாயங்காலம் கிரிக்கெட். இரண்டிலுமே நான் ஆடவில்லை. ஆனாலும் சட்டை நனைந்தது எனக்குத்தான், பிள்ளைகளா!

போன ஞாயிறு ராஜா அண்ணாமலைபுரத்தில் பள்ளிகளுக்கான கபடி ஃபைனல். எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் தாரணி, அவள் டீமில் பாடிப் போகும் ரெய்டர். என்னோடு வந்தவர்கள் என் சிநேகிதர்கள் இரண்டு பேர். ஆட்டோ ஓட்டும் சேகர், டெய்லர் பாஷா. சாயங்காலம் சேப்பாக்கம் போக நாலு டிக்கெட்டை சேகர் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டு திரிந்தான்.

தாரணிக்கு ஒரு பழக்கம். ரெய்டுக்குப் போகும் முன் நடுக்கோட்டைத் தொட்டுக் கும்பிடுவாள். பிறகு என்னை ஒரு தடவை பார்ப்பாள். நான் தலையாட்டுவேன். அவ்வளவுதான்.

ஆட்டம் பாதியில் நான் தண்ணீர் பாட்டில் வாங்க வெளியே போனேன். திரும்புவதற்குள் அவள் டீமுக்கு நாலு பாயிண்ட்! நான் வந்து நின்றேன்... எதிர் டீமுக்கு அடுத்தடுத்து இரண்டு.

சேகர் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"மச்சி, தப்பா எடுத்துக்காத. நீ வந்தா பாயிண்ட் போவுது. வெளிய போய் நில்லு."

"இன்னாடா பேசற? ஆடறது என் பொண்ணுடா!"

"அதுக்குத்தாண்டா சொல்றேன். அவ ஜெயிக்கணுமா, வேணாமா?"

சிரிக்காதீர்கள். டிவியில் மேட்ச் ஓடும்போது, சிக்ஸர் போன நேரத்தில் சமையல்கட்டில் இருந்தவரை "அங்கேயே நில்லு, இங்க வராத!" என்று உங்கள் வீட்டில் யாரும் கத்தியதே இல்லையா?

போய் நின்றேன். காம்பவுண்டு சுவருக்கு வெளியே, ஒரு பஞ்சர் கடை ஓரத்தில். தாரணி டீம் இரண்டு பாயிண்ட் பின்தங்கிவிட்டது, இனி கடைசி ரெய்டுதான் என்று பாஷா போனில் சொன்னான். அப்புறம் "கபடி கபடி கபடி" என்று தாரணியின் குரல் மட்டும் சுவரைத் தாண்டி வந்தது. திடீரென்று அது நின்றது. என் மூச்சும்தான். விசில்... பிறகு காது கிழிகிற கத்தல்.

மூன்று பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறாள். ஒரே பாயிண்டில் வெற்றி!

உள்ளே ஓடினேன். முழங்காலில் மண்ணும் ரத்தமுமாக வந்தாள்.

"ப்பா, கடைசி ரெய்டு பாத்தியா? உன்னத் தேடினேன். ஆளையே காணோம்."

"பின்னாடிதான் நின்னுக்கினு இருந்தேன் கண்ணு. பாத்தேனே... சூப்பர்!"

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்!

சாயங்காலம் சேப்பாக்கம். நம் டீம் கடைசி ஓவரில் பன்னிரண்டு ரன் எடுக்க வேண்டும். முதல் பாலிலேயே விக்கெட். பாஷா என் பக்கம் திரும்பினான்.

"எழுந்து போடா! காலைல வெளிய நின்ன, ஜெயிச்சுதா இல்லியா? அதே மாதிரி படிக்கட்டாண்ட போய் நில்லு!"

சொன்ன பிறகுதான், பக்கத்தில் தாரணி இருப்பதைப் பார்த்து நாக்கைக் கடித்தான்.

"காலைல நீ வெளியவாப்பா இருந்த?"

அவ்வளவு இரைச்சலிலும் அந்தக் கேள்வி எனக்குத் துல்லியமாகக் கேட்டது. தலையைக் குனிந்துகொண்டேன். அவள் முகத்தைத் திருப்பி கிரவுண்டைப் பார்த்தாள். நாலு பால் போனது. யார் அடித்தார்கள், எவ்வளவு அடித்தார்கள், ஒன்றுமே என் மண்டையில் ஏறவில்லை.

கடைசி பால். நாலு ரன் வேண்டும்.

"ஒரே ஒரு பால்டா மச்சி, போடா!" என்று கெஞ்சினான் சேகர். அங்கே உட்காரவும் முடியாமல் நான் எழுந்தேன்.

என் சட்டையைப் பிடித்து யாரோ இழுத்தார்கள். தாரணி.

"உக்காரு. தோத்தா தோத்துட்டுப் போவுது. உக்காந்து பாரு."

உட்கார்ந்தேன். பந்து மேலே போனது... பவுண்டரி ஓரத்தில் ஒருவன் கையில் விழுந்தது. தோல்வி. "நான் சொன்னேன்ல!" என்று சேகர் தலையில் கைவைத்தான். தாரணி என் சட்டையை இன்னும் விடவில்லை.

வெளியே வந்து கடற்கரை மணலில் நடந்தோம். தாரணி சட்டென்று நின்று குதிகாலால் ஒரு கோடு போட்டாள்.

"மாமா, ரெண்டு பேரும் செருப்பக் கழட்டிட்டு அங்க நில்லுங்க. காலைல மாதிரி மூணு பேர் வேணும்... சரி, பாஷா மாமாவ ரெண்டு பேரா வெச்சிக்கிறேன்."

"என் தொப்பைய சொல்றியா?" என்றான் பாஷா, மணலில் கால் ஊன்றியபடி.

கோட்டைத் தொட்டுக் கும்பிட்டாள். என்னைப் பார்த்தாள். தலையாட்டினேன். "கபடி கபடி கபடி..." பாஷாவின் தோளைத் தட்டினாள். அவன் மல்லாந்தான். சேகர் அவள் கணுக்காலைப் பிடித்துவிட்டான். விடுவாளா? அவனையும் சேர்த்து மணலில் இழுத்துக்கொண்டு வந்து, ஒற்றை விரல்நுனியால் கோட்டைத் தொட்டாள்.

"இப்ப சொல்லு, பாத்தியா?" என்றாள், மூச்சு வாங்க.

"இப்பத்தான் பாத்தேன் கண்ணு. காலைல சொன்னது பொய். ஸாரி."

பிள்ளைகளா, நீங்கள் ஆடும்போது உங்கள் அப்பா தண்ணீர் பாட்டில் வாங்கக் கிளம்பினால்... கூடவே யாராவது ஒருவரை அனுப்பி, திரும்பக் கூட்டிவரச் சொல்லுங்கள்!