சால்வையும் சோலூர் பஸ்ஸும்

1. ஊட்டியில் நான் வேலை பார்க்கும் முதியோர் பராமரிப்பு இல்லத்திலிருந்து நர்ஸ்கள் ஒருவர் பின் ஒருவராக விலகினார்கள்.

2. நிர்வாகம் கவலைப்பட்டது. நர்ஸாக இருந்த என்னை சூப்பர்வைசர் ஆக்கி, நர்ஸ்களைத் தக்கவைப்பது எப்படி என்ற பயிற்சிக்குக் கோயம்புத்தூர் அனுப்பியது.

3. அங்கே பலூன் ஊதித் தரையில் விழாமல் தட்டினோம். அதற்குப் பெயர் குழு உணர்வு.

4. நான் தட்டிக்கொண்டிருந்த நேரத்தில், இருந்த ஒரே மூத்த நர்ஸும் நோட்டீஸ் கொடுத்துவிட்டார்.

அவர் ஊட்டியை அடுத்த சோலூர்க்காரர். மறதி நோயில் மகனையே அடையாளம் தெரியாத ஒரு பெரியவர், இந்த நர்ஸ் ஊட்டினால் மட்டும் வாய் திறப்பார். இவர் போனால் அந்தப் பெரியவருக்கு மூக்கில் குழாய்தான்.

நடந்தது இதுதான். ஊழியர்களைப் பாராட்ட வேண்டும் என்று நிர்வாகத்துக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். சிறந்த பணியாளர் விருது அவருக்கு. வேலை கெடக்கூடாதே என்று விழாவை ஷிஃப்ட் முடிந்த பிறகு வைத்தார்கள். சால்வை, கோப்பை, போட்டோ, மேனேஜரின் நீண்ட உரை. மற்ற நாட்களிலேயே ஷிஃப்ட் முடிந்து ஓடினால்தான் சோலூருக்குக் கடைசி பஸ் கிடைக்கும். அன்று ஓடவும் விடவில்லை. கேரட் இறக்கிவிட்டு ஊர் திரும்பிய வண்டியில் கோப்பையைக் கட்டிப்பிடித்தபடி வீடு போயிருக்கிறார். அந்தக் குளிருக்கு சால்வை மட்டும் உதவியதாம்.

"விருது கொடுத்தும் போறாங்களே" என்று மேனேஜர் உண்மையாகவே வருந்தினார்.

நான் அந்த நர்ஸிடம் போய்ப் பேசினேன்.

"போன வாரம் வரைக்கும் சிஸ்டர், இப்ப மேடமுங்களா?" என்று சிரித்தார். "பயிற்சியில என்னங்க சொல்லிக் குடுத்தாங்க?"

பலூனைச் சொன்னேன்.

"அது சரி. எனக்குப் பாராட்டெல்லாம் வேண்டாமுங்க. பஸ்ஸு போறதுக்கு முந்தி என்னைய விட்டுருங்க, போதும்."

காலை முதல் பஸ்ஸில் வந்து, ஷிஃப்ட் தொடங்கும்வரை சும்மா உட்கார்ந்திருப்பவர் அவர். ஒரு மணி நேரம் முன்னால் தொடங்கி முன்னால் முடித்தால் தீர்ந்தது. இரவு நர்ஸ் எதிரே இருக்கும் விடுதியில்தான் தங்குகிறார், அவரும் ஒரு மணி நேரம் முன்னதாக வரச் சம்மதித்தார். மேனேஜர்தான் தயங்கினார். இது பயிற்சியில் சொன்ன முறையா என்று கேட்டார். ஆமாம், இரண்டாம் நாள் வகுப்பு என்றேன். உடனே கையெழுத்துப் போட்டார். அப்படி ஒரு வகுப்பே கிடையாது. பயிற்சி வீண் போகவில்லை.

"மாசக் கடைசி வரைக்கும் பார்க்கிறேனுங்க" என்றிருக்கிறார் சோலூர் நர்ஸ்.

இன்றுவரை பஸ் கிடைக்கிறது. பெரியவர் சாப்பிடுகிறார். நோட்டீஸ் இன்னும் வாபஸ் ஆகவில்லை.