ஆம்ப்ரோஸ் டட்டிலின் அழகான கையெழுத்து

வாஷிங்டனில், அஞ்சல் துறைத் தலைமை அலுவலகத்தில் ஆம்ப்ரோஸ் டட்டில் பார்த்த வேலை, மற்றவர்கள் சொன்ன கடிதங்களைப் பிரதி எடுப்பது. மேலதிகாரி கிறுக்கிக் கொடுப்பதை முத்து முத்தாக எழுதித் தரவேண்டும். அடியில் கையொப்பம் போடுகிறவர் வேறு. சொந்தமாக ஒரு காற்புள்ளி சேர்க்கக்கூட அவனுக்கு அதிகாரம் கிடையாது.

ஒஹையோவிலிருந்த அவனுடைய ஊர் டன்னிங்வில்லுக்கு இது தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டவனும் அவன்தான். மாலையில் விடுதியம்மாள் போடும் அவித்த முட்டைக்கோசை விழுங்கிவிட்டு அம்மாவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தால், பேனாவுக்குத் தானாகவே பதவி உயர்வு வந்துவிடும். 'மேற்கே தபால் வண்டிகள் போகும் தடம் பற்றி நேற்று முடிவு எடுத்தோம்' என்று எழுதுவான். முடிவை எடுத்தவர்கள் வேறு. இவன் பிரதி எடுத்தான். இரண்டும் எடுப்பதுதானே என்று மனசைத் தேற்றிக்கொள்வான்.

அம்மா அந்தக் கடிதங்களை ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் நின்று உரக்க வாசிப்பாள். கேட்ட ஊர் சும்மா இருக்குமா? ஒருவர் அரசாங்க விதைப் பொட்டலம் கேட்டார். இன்னொருவர் போரில் கால் போன தம்பிக்கு ஓய்வூதியம் கேட்டார். ஜனாதிபதி மாளிகைத் திரைச்சீலையில் ஒரு முழம் கிடைக்குமா என்று பாதிரியார் மனைவி எழுதியிருந்தாள். எல்லோருக்கும் ஆம்ப்ரோஸ் 'ஆவன செய்கிறேன்' என்று பதில் போட்டான். ஆனது ஒன்றுமில்லை.

இந்த நிலையில் ஊர்த் தபால் அதிகாரி காலமானார். அந்த இடத்துக்கு ஆசைப்பட்டது ஆம்ப்ரோஸின் தாய்மாமன் ஜெத்ரோ பிக்ஸ்பி. அவருக்கு ஒரு பலசரக்குக் கடை இருந்தது. தபால் வாங்க வருகிறவன் கையோடு கால்படி வெல்லப்பாகும் வாங்கிப் போவான் என்பது அவர் கணக்கு. 'காரியம் முடிந்ததாக வைத்துக்கொள்ளுங்கள் மாமா' என்று ஆம்ப்ரோஸ் எழுதினான். மாமா அப்படியே வைத்துக்கொண்டார். கடையில் கடிதங்களைப் பிரித்துவைக்க மர மாடம் அடித்து, பெயர்ப்பலகைக்குச் சாயமும் பூசிவிட்டார்.

சில நாளில் தலைமைக் குமாஸ்தா கிரிம்ஷா ஒரு தாளை ஆம்ப்ரோஸின் மேஜையில் போட்டார். ஜெத்ரோ பிக்ஸ்பியின் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. அந்தப் பதவி லொவீனா கிரேன் என்ற விதவைக்குத் தரப்படுகிறது. எழுத்தைக் கோணல்மாணலாக மாற்றி எழுதிப் பார்த்தான். உடம்புக்கு ஆகவில்லையா என்று கேட்டு கிரிம்ஷா அதைக் கிழித்துப் போட்டார். வேறு வழியில்லாமல் வழக்கமான அழகோடு எழுதினான். பிக்ஸ்பி போன்ற பெயர்களின் தொடக்கத்தில் அவன் போடும் ஆங்கில 'பி' அன்னம் கழுத்தை வளைத்ததுபோல இருக்கும். ஊரில் இருந்தபோது அவன் எழுதிக் கொடுத்த டன்னிங்வில்லின் பாதிக் கல்யாணப் பத்திரங்களில் அந்த அன்னம் நீந்தியது. ஊரில் அதை அறியாதவர் கிடையாது.

அடுத்த வாரமே மாமா ரயிலேறி அலுவலகத்துக்கே வந்துவிட்டார். கக்கத்தில் மருமகனுக்கென்று அத்தை கொடுத்தனுப்பிய பன்றித் தொடை. கையில் இரண்டு கடிதங்கள், ஆம்ப்ரோஸ் வாக்குக் கொடுத்தது ஒன்று, அரசாங்கம் மறுத்தது ஒன்று. அவற்றை மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இந்த 'பி' யாரு போட்டது?"

"நான்தான் மாமா."

"இந்த 'பி'?"

"அதுவும் நான்தான்."

"ஒரே கையால கொடுத்துட்டு அதே கையால புடுங்குனியா?"

வெறும் நகல் குமாஸ்தா என்று ஒப்புக்கொண்டால் துரோகப் பழி போய்விடும். கூடவே பெருமையும் போய்விடும். ஆம்ப்ரோஸ் பெருமையைப் பிடித்துக்கொண்டான்.

"சொந்தக்காரனுக்கே வேலை போட்டுக் குடுத்தா நாலு பேர் என்ன சொல்லுவாங்க மாமா? சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல."

மாமாவின் காது சிவந்தது. அந்த நேரம் பார்த்து கிரிம்ஷா அந்தப் பக்கமாக வந்தார்.

"டட்டில், போன கடிதத்துல மையைச் சிந்தியிருக்கே. சாப்பாட்டுக்குப் போகாம அதைத் திரும்ப எழுது."

"சரிங்க ஐயா," என்று ஆம்ப்ரோஸ் உயரமான முக்காலியிலிருந்து குதித்து நின்றான். மாமா சுற்றும் முற்றும் பார்த்தார். அதேபோன்ற முக்காலிகள் வரிசை வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் குனிந்த தலை ஒன்று எழுதிக்கொண்டிருந்தது.

"அப்போ முடிவு பண்ணது நீ இல்லையா?"

"எழுதினது மட்டும்தான் மாமா."

அறை விழும் என்று ஆம்ப்ரோஸ் கன்னத்தைத் தயாராக வைத்திருந்தான். மாமாவோ பன்றித் தொடையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் சாய்ந்துவிட்டார். வாஷிங்டனே தன் மருமகன் கையில் என்று அவர் ஊரெல்லாம் முழங்கியிருந்தார். ஒருவிதத்தில் ஆம்ப்ரோஸின் பொய்யைவிடப் பெரிய பொய் அவருடையது.

"நீ குமாஸ்தான்னு தெரிஞ்சா உன்னப் பாத்து எவனும் சிரிக்க மாட்டான் மருமவனே. என்னப் பாத்துத்தான் சிரிப்பான்," என்றார். கொஞ்சம் யோசித்தார். "என் விண்ணப்பத்த நீயே தள்ளிட்டேன்னு ஊர்ல சொல்லிடறேன். தாய்மாமன்னுகூடப் பாக்கல, அவ்வளவு நேர்மைன்னு. நடுநடுவுல உன்னத் திட்டவும் வேண்டியிருக்கும்."

"தாராளமா திட்டுங்க மாமா."

அன்று மாலை விடுதியில் எல்லோருக்கும் பன்றித் தொடை கிடைத்தது.

மாமா சொன்ன கதை ஊரில் சக்கைப்போடு போட்டது. தாய்மாமனையே வெறுங்கையோடு அனுப்பியவனிடம் திரைச்சீலை கேட்க யாருக்கு வாய் வரும்? சிபாரிசுக் கடிதங்கள் அடியோடு நின்றன. ஆம்ப்ரோஸ் நிம்மதியாக முட்டைக்கோஸ் சாப்பிட்டான்.

பிறகு ஆட்சி மாறியது. பழைய கட்சியின் ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆம்ப்ரோஸின் பணிநீக்கக் கடிதத்தையும் கிரிம்ஷா அவனிடமே பிரதிக்குக் கொடுத்தார். அந்த அலுவலகத்தில் அவ்வளவு நன்றாக எழுத வேறு ஆள் இல்லை. 'வருந்துகிறோம்' என்று ஒரு வார்த்தை சேர்க்கலாமா என்று கேட்டான். வேண்டியதில்லை என்றார் அவர்.

ஊருக்குத் திரும்பியவனை வரவேற்கப் பாதி டன்னிங்வில் ரயிலடியில் நின்றது. இத்தனை நேர்மையானவனை எந்த அரசாங்கம் வைத்திருக்கும் என்று ஆளாளுக்கு உச்சுக்கொட்டினார்கள். அடுத்த தேர்தலில் அவனை ஒரு வார்த்தை கேட்காமலே ஊர் நீதிபதியாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

முதல் வழக்கு, ஜெத்ரோ பிக்ஸ்பியின் தோட்டத்தில் பக்கத்து வீட்டுப் பன்றி மேய்ந்த வழக்கு. நியாயம் முழுக்க மாமா பக்கம் இருந்தது. ஊர் மொத்தமும் கூடி நின்று நீதிபதியின் வாயையே பார்த்தது. ஆம்ப்ரோஸ் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மாமாவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னான்.